உப்புப் போட்ட ஐஸ்

ராயம்மாள் ஐஸ் பெட்டியைக் கேட்டு வந்த நேரத்தில் அருள்ராணி பள்ளிச் சட்டை ஒன்றுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். கோயில் தெருவில் யாரும் வாசலில் நின்று கூப்பிடும் வழக்கமில்லை. ராயம்மாள் நேரே உள்ளே வந்து, கட்டிலில் கிடந்த துணிகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

"நாளைக்கி வேன் கெளம்புது புள்ள, வேளாங்கண்ணிக்கி. கொடியேத்தத்தப் பாத்தே ஆவணும்னு எங்க வூட்டுக்காரரு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. அந்தக் காலும் முட்டி வலி."

அருள்ராணி மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"எனக்குச் சக்கரைக்கி மாத்திர பத்தலன்னு இப்ப ஊசி எழுதிட்டாங்க. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. வயித்துல குத்திக்கறன், எடத்துக்கா பஞ்சம்? அந்த மருந்த ஜில்லுனு கொண்டு போவணுமாம். அதான், உங்க பெட்டி சும்மாதான கெடக்குதுன்னு…" சொல்லிவிட்டு ராயம்மாளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தப்பா நெனச்சிக்காத அருளு."

"இதுல என்னா இருக்குது. எடுத்துட்டுப் போங்க."

"ஆனந்தங்கிட்ட சொல்லிட்டன். காலையில அவனே வந்து ஐஸு போட்டுத் தரன்னான். 'அத்தே, நான் போட்டுக் குடுத்தா நீங்க திரும்பி வர்ற வரைக்கும் உருவாது'ன்னான். நல்ல புள்ள. அவனுக்கு ஒரு பொண்ணப் பாருங்க."

பெட்டியைக் கொடுப்பதில் அருள்ராணிக்கு மனத்தடை எதுவும் இல்லை. ஐஸ் போட ஆனந்தன் வருகிறான் என்றதுதான் அவளை உட்கார முடியாமல் செய்தது. போன வருஷக் கோடையில் அவள் தம்பி ஆனந்தன் அதே பெட்டியில் போட்ட ஐஸ்தான் அவள் மகள் ஜெனிஷாவின் மருந்தைக் கெடுத்தது. மருந்து கெட்டதால்தான் பிள்ளை போனாள். ஆனந்தனுக்கு அது தெரியாது. அருள்ராணியின் கணவன் மரியசூசைக்கும் தெரியாது. தெரிந்தது அவளுக்கும், பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத ஒரு டாக்டரம்மாவுக்கும் மட்டும். ஒரு வருஷத்துக்கு மேலாக அதை அவள் வாயைத் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே செத்துப்போய்விடலாம் என்றுதான் இருந்தாள்.

ராயம்மாள் போன பிறகு அந்தக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டாள். பிரித்து மறுபடி தைக்க வேண்டியதாயிற்று.

*

ஜெனிஷாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது மூன்றாம் வகுப்பில். மாத்திரைக்கெல்லாம் அடங்காத வகை. உடம்பில் இன்சுலின் சுரக்கவே சுரக்காது, ஊசி ஒன்றுதான் வழி. அப்போது மயங்கிக் கிடந்தவள் கண் திறந்தால் அவள் உயரத்துக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறேன் என்று அருள்ராணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை கண் திறந்தாள், பள்ளிக்குப் போனாள், தன் வயிற்றில் தானே ஊசி போட்டுக்கொள்ளவும் கற்றுக்கொண்டாள். நேர்ச்சை மட்டும் தள்ளிக்கொண்டே போயிற்று. தள்ளத் தள்ள அவள் வளர்ந்துகொண்டே போனாள். "இப்பப் போனாதான்க்கா மெழுகுவத்தி கைக்கு அடங்கும்," என்று ஆனந்தன் கேலி செய்தான். போன வருஷம் மே மாதம் வேன் பேசினார்கள்.

ஒரே பயம் வெயில். "சூடு பட்டா மருந்து செத்துடும்மா," என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் அது ஃபிரிட்ஜின் கதவில் இருந்தது. மேலே ஃபிரீசரில் வைத்துவிடாதே என்று நர்ஸ் ஒருத்தி சொன்னதும் அருள்ராணிக்கு நினைவிருந்தது. அவளுக்கு ஃபிரீசர் என்றால் ஃபிரிட்ஜின் மேல்தட்டில் இருக்கும் அந்தச் சின்ன அறை. வேறெங்கும் அந்தப் பேச்சு பொருந்தும் என்று தோன்றவில்லை.

ஐஸ் பெட்டி வாங்க ஆனந்தனைத் தவிர வேறு யாரைக் கூட்டிப் போவது? மொபெட்டின் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு, மாரண்டஹள்ளியைச் சுற்றியுள்ள ஊர்களுக்குக் குச்சி ஐஸும் சேமியா ஐஸும் கொண்டுபோய் விற்பவன் அவன். தருமபுரியில் நிசார் அகமது கடைக்கு அக்காளும் தம்பியும் போனார்கள். பெங்களூரிலிருந்து ஒகேனக்கல் பக்கம் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறவர்கள் வாங்குவது என்று நிசார் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஜிப் வைத்த பையை ஆனந்தன் தொடக்கூட இல்லை.

"இதுல ஐஸ் வச்சா மத்தியானம் அதுல மொகம் கழுவலாம் பாய்."

அடுத்ததைக் கையில் எடுத்து விரல் முட்டியால் சுற்றிலும் தட்டினான். மூடியையும் தட்டினான். டொக்கென்று சத்தம் வந்தது.

"பாருங்க, ஒடம்பெல்லாம் பஞ்சு வச்சிருக்கான், தலையில மட்டும் ஒண்ணுமில்ல."

"நெறைய பேரு அப்படித்தான் தம்பி நடமாடுறாங்க," என்றார் நிசார்.

மூன்றாவதாக வந்த நீலப் பெட்டியின் சுவர் கனமாக இருந்தது. மூடியும் கனம். உள்விளிம்பில் ரப்பர் ஓடியது. ஆனந்தன் கடையின் பில் தாள் ஒன்றை விளிம்பில் வைத்து மூடிவிட்டு இழுத்தான். வரவில்லை. நான்கு பக்கமும் அப்படியே இழுத்துப் பார்த்தான். கடைசிப் பக்கத்தில் தாள் கிழிந்தது. அவன் முகம் மலர்ந்தது.

"ஐஸ்காரன் பொட்டி பாக்குறது பொண்ணு பாக்குறதவிட மோசமால்ல இருக்குது!"

"பொண்ணு சரியில்லன்னா கஷ்டம் எனக்கு மட்டும்தான் பாய். பொட்டி சரியில்லன்னா கஷ்டம் எங்க ஜெனிக்கு."

பிரயாணத்துக்கு முந்தின நாளே உடைந்த ஐஸைப் போட்டு மூடி வைத்துப் பெட்டியின் உடம்புச் சூட்டை இறக்கினான். மறுநாள் விடியலில் அதைக் கொட்டிவிட்டுப் புது ஐஸ் வைத்தான். தூள் ஐஸ் சீக்கிரம் உருகும், கட்டியாக வைக்க வேண்டும். இடுக்கு விடக்கூடாது, காற்று இருக்கிற இடத்தில் சூடு குடியிருக்கும். இப்படிச் சொல்லிச் சொல்லி அடுக்கினான். வேனில் எல்லோருக்கும் தண்ணீர் தனியாக ஒரு கேனில் வைத்தான். "தண்ணி குடிக்கறன்னு இந்தப் பொட்டியத் தெறந்தா, தெறந்த கைய ஒடச்சிடுவன்." அவன் சொன்ன எதிலும் தவறில்லை. பிறகு பாக்கெட்டைப் பிரித்துக் கல்லுப்பை அள்ளி ஐஸ் மேல் தூவினான்.

"உப்பு எதுக்குடா?"

"உப்பு போட்டாத்தான்க்கா ஐஸுக்குப் பேய் புடிக்கும். என் வண்டியில குச்சி ஐஸு சாயங்காலம் வரைக்கும் கல்லாட்டம் நிக்கிது, எப்படின்ற? இதான்."

மருந்துக் குப்பிகளை, மாற்றுக்கு வாங்கி வைத்திருந்தவை உட்பட, ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, உப்புப் போட்ட ஐஸின் நடுவே பள்ளம் பண்ணி இறக்கினான். மேலேயும் ஐஸ் வைத்து உப்புப் போட்டான். ஜெனிஷா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "மாமா, எனக்குக் குச்சி ஐஸு எங்க?" என்றாள். "நீ அடுத்த ஜென்மத்துல தின்னு," என்று தலையில் குட்டினான்.

*

முசிறி தாண்டிக் காவிரிக் கரையில் வேனை நிறுத்திச் சமைத்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் ஊசிக்காகப் பெட்டியைத் திறந்தபோது டப்பாவின் மூடி ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே குப்பிகள் கல்லாக உறைந்திருந்தன.

"பாத்தியா!" என்றான் ஆனந்தன். வேனில் வந்த எல்லோரிடமும் ஒரு குப்பியைத் தூக்கிக் காட்டினான். "இந்த வெயில்லயும் எப்படி இருக்குது பாருங்க. கெடவே கெடாது."

அருள்ராணிக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. குப்பிகளை உள்ளங்கையில் மூடிக்கொண்டு உருகும்வரை காத்திருந்தாள். தண்ணீர் மாதிரி இருக்கும் மருந்து தண்ணீர் மாதிரியே ஆயிற்று. பால் மாதிரி இருக்கும் மருந்தில் மட்டும் ரவைக் குருணைபோலத் துணுக்குகள் தெரிந்தன. வழக்கம்போல இரு கைக்கும் நடுவே வைத்து உருட்டினாள். சில துணுக்குகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. குளிரில் அப்படித்தான் இருக்கும் என்று ஊசியில் ஏற்றிக் கொடுத்தாள்.

வேளாங்கண்ணியில் மெழுகுவத்தி ஏற்றும்போதே ஜெனிஷா தண்ணீர், தண்ணீர் என்றாள். சோதித்துப் பார்த்தால் சர்க்கரை ஏறியிருந்தது. டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்தபடி அருள்ராணி மருந்தைக் கூட்டிப் போட்டாள். இறங்கவில்லை. மரியசூசை மைத்துனன்மேல் பாய்ந்தான்.

"கடைத்தெருப் பக்கம் கூட்டிட்டுப் போனியே, அல்வா வாங்கிக் குடுத்தியா?"

"மாதா மேல சத்தியமா இல்ல மாமா."

"அப்பா, மாமா ஒண்ணும் வாங்கித் தரல," என்று பிள்ளையும் சொன்னாள். "பாசிமணிதான் வாங்கித் தந்தாரு."

"ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க."

மறுநாள் கடற்கரை மணலில் வாந்தி எடுத்தாள். அறைக்குத் தூக்கி வந்து மறுபடியும் மருந்து போட்டாள் அருள்ராணி. ஒவ்வொரு முறையும் அதே பெட்டி, அதே டப்பா. உருகிய தண்ணீரை வடித்துவிட்டு ஆனந்தன் புது ஐஸ் வாங்கி வந்து புது உப்பும் போட்டான். திரும்பும் வழியில் பிள்ளை ஓடி வந்தவளைப்போல ஆழ்ந்து ஆழ்ந்து மூச்சு வாங்கினாள். வாயில் அழுகிய பழத்தின் வாடை அடித்தது. வழியில் இருந்த ஊரொன்றில் பெரிய ஆஸ்பத்திரியாகப் பார்த்து வேனைத் திருப்பினார்கள்.

அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயது. உள்ளே பிள்ளைக்கு வேண்டியதைச் செய்துவிட்டு வெளியே வந்து, இதுவரை போட்ட மருந்தைக் கேட்டாள். குப்பியை டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத எதுல வச்சிருந்தீங்க?"

"ஐஸ் பெட்டியிலங்க."

"உறைஞ்சுதா?"

"கல்லாட்டம் இருந்துதுங்க. ஒரு சொட்டுகூடச் சூடு படலீங்க." மருந்தை நன்றாகப் பார்த்துக்கொண்டோம் என்று சொல்வதாகத்தான் அருள்ராணி நினைத்தாள்.

டாக்டரம்மா குப்பியைத் தாழ்த்தினாள். "உறைஞ்சா இந்த மருந்து வேலை செய்யாதும்மா. உருகினாலும் செய்யாது. ரெண்டு நாளா நீங்க போட்டது மருந்தே இல்ல."

அந்த நேரத்தில் மரியசூசை மருந்துச் சீட்டோடு கடைக்குப் போயிருந்தான். ஆனந்தன் வராந்தாவின் கோடியில் ஜெனிஷாவின் செருப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அவள் எங்கே போனாலும் செருப்பைத் தொலைப்பவள். மறுநாள் பிள்ளை போய்விட்டாள் என்று சொன்னபோதும் செருப்புகள் அவன் கையில்தான் இருந்தன.

*

மரியசூசை அல்வாவை விடவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம், "அவன் செல்லம் குடுத்தே கொன்னுட்டான்," என்றான். ஆனந்தன் எதிர்த்துப் பேசவில்லை. இல்லை மாமா என்று மட்டும் சொல்வான். அருள்ராணி குறுக்கே பேசியிருக்கலாம். அல்வா இல்லை என்று சொன்னால் பிறகு என்ன என்று கேள்வி வரும். வாங்கித் தராத அல்வாவின் பழியைத் தம்பி சுமந்துவிடுவான், இதைச் சுமக்க மாட்டான் என்று நினைத்தாள். அதனால் சும்மா இருந்தாள். இந்த மே மாதம் வருஷப் பூசை முடிந்து கல்லறையிலிருந்து திரும்பும்போது மரியசூசையே ஆனந்தன் தோளில் கை போட்டு, "போனது போச்சுடா, வந்து சாப்பிடு," என்றான். அன்றைக்கும் ஆனந்தன், "மாமா, சத்தியமா நான் வாங்கித் தரல," என்றுதான் சோற்றில் கை வைத்தான். அன்றிலிருந்துதான் அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது.

அதையெல்லாம் இப்போது கலைக்க வேண்டுமா? கலைக்காமல் முடிக்க அருள்ராணி வழி தேடினாள். பெட்டி உடைந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனந்தன் வேறு பெட்டி கொண்டு வருவான். ராயம்மாளைத் தனியே அழைத்து, மருந்தை ஐஸில் வைக்காதீர்கள், ஈரத்துணியில் சுற்றிப் பைக்குள் வையுங்கள் என்று சொல்லலாம். ராயம்மாள் தப்பிப்பாள். அதற்கடுத்த வேன்? கோயில் தெருவில் யார் பிரயாணம் போனாலும் ஐஸுக்கு ஆனந்தனைத்தான் கேட்டார்கள். அவனும் ஜெனிஷாவின் பெயரைச் சொல்லி, மருந்து வைப்பவர்களுக்குக் காசு வாங்காமல் போட்டுக் கொடுத்தான். இதுவரை எத்தனை பேருக்கு என்று அருள்ராணி கேட்டதே இல்லை. கேட்கப் பயம்.

காலையில் மரியசூசை தக்காளி மண்டிக்குப் போன பிறகு ஆனந்தன் வந்தான். மொபெட்டிலிருந்து ஐஸ் கட்டியைச் சாக்கோடு இறக்கி முற்றத்தில் வைத்தான். பரணிலிருந்து நீலப் பெட்டியை அவனே எடுத்துத் துடைத்தான். பிறகு ஐஸை உடைத்து அடுக்க ஆரம்பித்தான். சட்டைப் பையிலிருந்து உப்புப் பாக்கெட்டை எடுத்துப் பல்லால் கடித்தான்.

"உப்பு போடாத."

"போடலன்னா நிக்காதுக்கா."

"நிக்க வேணாம். மருந்து ஒறையக் கூடாதுடா. ஒறஞ்சா அது கெட்டுப்போவுது."

ஆனந்தன் சிரித்தான். "யாரு சொன்னா? சூடு பட்டாத்தான கெட்டுப்போவும்."

"ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

"எந்த ஆஸ்பத்திரி? எப்ப?"

போன வாரம், இங்கே, ஊசி போடுகிற நர்ஸ் சொன்னாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவன் உப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பான். போய், வழியில் எங்காவது ஒரு மரத்தடியில், காவிரிக் கரையில் தூக்கிக் காட்டிய குப்பி அவனுக்குத் தானாகவே நினைவு வந்திருக்கும். அப்போது பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

"ஜெனி உள்ள இருக்கும்போது," என்றாள். "அந்த டாக்டரம்மா மருந்தப் பாத்துட்டு எங்கிட்ட சொன்னாங்க."

ஆனந்தன் குந்திய நிலையிலேயே இருந்தான். கையிலிருந்த பாக்கெட்டிலிருந்து உப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் கொட்டியது. அவன் அதைப் பார்க்கவில்லை.

"ஃபிரீசர்ல வெக்காதன்னு எனக்குச் சொல்லியிருந்தாங்கடா. உனக்கு யாரும் சொல்லல. எனக்குச் சொன்னாங்க. ஒறஞ்ச குப்பிய என் கையாலதான் உருக்குனன். கூட்டிக் கூட்டிப் போட்டதும் நான்தான்."

அதற்குள் வாசலில் ராயம்மாளின் குரல் கேட்டது. மருந்துக் குப்பிகளை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"என்னாடா இது, பிள்ளையாரு மாதிரி குந்திக்கினு இருக்க? பெட்டி ரெடியா?"

அருள்ராணி கீழே உட்கார்ந்து, ஆனந்தன் அடுக்கிய ஐஸில் பாதியை எடுத்து வெளியே போட்டாள். மீதி ஐஸைப் பாலிதீன் பையில் கட்டி அடியில் வைத்தாள். அதன்மேல் துண்டொன்றை நான்காக மடித்துப் போட்டாள். குப்பிகளை வாங்கித் துணியில் சுற்றி ஒரு டப்பாவில் போட்டுத் துண்டின்மேல் வைத்தாள்.

"ஐஸ் மேல நேரா படக் கூடாது அத்தே. ஒறஞ்சுட்டா தூக்கிப் போட்டுடுங்க, உருக்கிப் போடாதீங்க. கடையில புதுசு வாங்கிக்குங்க. யாரு என்னா சொன்னாலும் உப்பு போட வுடாதீங்க."

"இம்மாம் கெடுபுடியா? நான் அத என் பொடவையிலயே முடிஞ்சிக்கினு போயிருப்பன்." ராயம்மாள் ஆனந்தனைக் குனிந்து பார்த்தாள். "ஏன்டா, வெயிலு ஒத்துக்கலையா? மொகமே சரியில்ல." பிறகு பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மாதா எண்ணெய் கொண்டு வருகிறேன் என்று சொல்லிப் போனாள்.

வெளியே எடுத்துப்போட்ட ஐஸ் முற்றத்தில் உருகி ஓடியது. ஆனந்தன் அந்த ஈரத்தைப் பார்த்தபடி பேசினான்.

"அதுக்கப்புறம் நான் நெறைய பேருக்குப் போட்டுக் குடுத்துட்டன்க்கா."

"தெரியும்."

"யாரு யாருன்னு நெனச்சிப் பாக்கறன். எல்லாரும் திரும்பி வந்துட்டாங்க. வந்துட்டாங்கதான?"

"வந்துட்டாங்க."

"அவ மட்டும்தான்…"

அருள்ராணி அவன் முதுகில் கை வைத்தாள். அவன் விலகி எழுந்தான்.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நான் போயி சொல்றன்."

"சாயங்காலம் வரட்டும்டா. நான் சொல்லிக்கறன்."

"வேணாம். மறுபடியும் அந்த மனுசன் பக்கத்துல உக்காந்து என்னால சோறு திங்க முடியாது. எவ்ளோ அடிச்சாலும் அடிக்கட்டும்." வண்டியை நோக்கிப் போனான்.

"நானும் வரன்," என்றாள் அருள்ராணி.

மொபெட்டின் பின்னால் அவன் ஐஸ் பெட்டி இருந்தது. ஆள் உட்கார இடமில்லை. அவன் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தான். ஈரத்தில் இறுகியிருந்த முடிச்சு அவிழவில்லை. அவள் தையல் கத்தரியைக் கொண்டு வந்து வெட்டினாள். அன்றைய வியாபாரத்துக்கு வைத்திருந்த ஐஸோடு பெட்டியை முற்றத்து வெயிலில் இறக்கிவிட்டு இரண்டு பேரும் கிளம்பினார்கள்.

மண்டியில் மரியசூசை தக்காளி அடுக்கிய பிளாஸ்டிக் கிரேடுகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தான். இருவரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் கையிலிருந்த கிரேடைக் கீழே வைத்தான்.

"என்னா? யாருக்கு என்னா ஆச்சு?"

"மாமா, அல்வா…" என்றான் ஆனந்தன்.

"அத வுடுன்னு எத்தினி வாட்டிடா சொல்றது," என்றான் மரியசூசை, மெதுவாக.

அருள்ராணி கணவனின் கையைப் பிடித்து லாரியின் நிழலுக்குக் கூட்டிப்போய், கிரேடு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அவனை உட்காரச் சொன்னாள்.